நிலநடுக்க அலாரம்: செண்டாய்க்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஜப்பானில் ஏப்ரல் மாதம்தான் கல்லூரியும் அலுவலகமும் புது வருஷத்தைத் தொடங்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேராவது வடகிழக்கு ஜப்பானில் இருக்கும் இந்தச் செண்டாய் நகரத்துக்கு வந்து இறங்குவார்கள். அடுத்த நிலநடுக்கத்தன்று எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரிசையாக வரும், அதே கேள்விகள். நான் நிபுணர் இல்லை, பதினோரு வருஷமாக இங்கே குடும்பம் நடத்துகிறேன், அவ்வளவுதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நள்ளிரவில் நானும் தூங்கலாமே என்று எழுதியது இது.

அக்கா, நேத்து ராத்திரி போன் திடீர்னு ஏதோ மிருகம் மாதிரி கத்துச்சு. அப்புறம் ஜப்பானிய மொழியில என்னமோ சொல்லுச்சு. அது என்ன?

அது சொன்னது "ஜிஷின் தெஸ்", அதாவது "நிலநடுக்கம்". ஜப்பான் வானிலை முகமை அனுப்பும் உடனடி நிலநடுக்க எச்சரிக்கை அது. இங்கே அதன் பெயர் கின்கியூ ஜிஷின் சோகுஹோ. பொதுமக்களுக்கு 2007 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. குறுஞ்செய்தி போல ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக வருவதில்லை. டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும், அதனால்தான் ரயில் பெட்டியில் இருந்தால் ஐம்பது போனும் சேர்ந்து கத்தும். முதல் தடவை கேட்கும்போது நிலநடுக்கத்தைவிட அந்தச் சத்தம்தான் வயிற்றைக் கலக்கும்.

டிவியில் வருவது வேறு, இரண்டு முறை ஏறி ஒலிக்கும் மணி. காது சரியாகக் கேட்காதவர்களுக்கும் எட்ட வேண்டும், ஆனால் ஆட்களைப் பீதியில் தள்ளக் கூடாது என்று யோசித்து ஒலியியல் பேராசிரியர் ஒருவர் உருவாக்கியது. இரண்டு சத்தத்தையும் யூடியூபில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூகம்பத்தை முன்கூட்டியே கணிக்க முடியாதுன்னு படிச்சிருக்கேன். அப்புறம் இது எப்படி முன்னாடியே சொல்லுது?

இது கணிப்பே இல்லை. நிலநடுக்கம் ஏற்கெனவே நடந்துவிட்டது, உங்களிடம் இன்னும் வந்து சேரவில்லை. கல்யாண வேன் விழுப்புரத்தைத் தாண்டியதைப் பார்த்த ஒருவர் மண்டபத்துக்குப் போன் போட்டுச் சொல்வது மாதிரி. வேன் வருவதற்குள் போன் வந்துவிடும்.

நிலம் உடையும்போது இரண்டு வகை அலை கிளம்புகிறது. முதல் அலை வினாடிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும், ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போகும். இரண்டாவது அலை வினாடிக்கு நான்கு கிலோமீட்டர்போல மெதுவாக வரும், வீட்டைப் போட்டு ஆட்டுவது அதுதான். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருவிகள் முதல் அலையைப் பிடித்ததும் கணினி எங்கே, எவ்வளவு பெரிசு என்று கணக்குப் போட்டு எல்லோருக்கும் அனுப்புகிறது. அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

சரி, எத்தனை வினாடி கிடைக்கும்?

சில வினாடியிலிருந்து சில பத்து வினாடி வரை. இதில் செண்டாய்க்காரர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் உண்டு. நம்மை ஆட்டும் பெரிய நிலநடுக்கங்களில் பெரும்பாலானவை கடலுக்கு அடியில் நடக்கின்றன. பசிபிக் கடலடி நிலத்தட்டு ஜப்பானுக்குக் கீழே நுழையும் ஆழ்கடல் அகழி கரையிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரம்தான் நமக்கு நேரம்.

2011 மார்ச் 11 மதியம் 2.46-க்கு வந்த 9.0 நிலநடுக்கத்தின் மையம் ஓஷிகா தீபகற்பத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் கிழக்கே கடலில். கரையோரக் கருவி முதல் அலையை உணர்ந்த எட்டரை வினாடியில் எச்சரிக்கை போனது. செண்டாயில் பலமாக ஆடத் தொடங்குவதற்கு முன் சுமார் பதினைந்து வினாடி கிடைத்தது. அதற்குப் பிறகு கடலுக்கு அடியிலேயே கருவிகளை இறக்கிவிட்டார்கள். எஸ்-நெட் என்று பெயர், வடக்கே ஹொக்கைடோவுக்கு அப்பாலிருந்து டோக்கியோவுக்குப் பக்கத்துப் போசோ தீபகற்பம் வரை கடல் தரையில் 150 இடங்களில் கருவிகள், அவற்றை இணைக்க சுமார் 5,500 கிலோமீட்டர் கேபிள். 2019 முதல் எச்சரிக்கைக் கணக்கில் அவையும் சேர்ந்துவிட்டன. அகழிப் பக்கம் உடைந்தால் முன்பைவிட இருபது வினாடிக்கு மேல்கூட முந்திக்கொள்ள முடியும்.

ஆனால் உங்கள் காலுக்கு அடியிலேயே உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அலாரமும் ஆட்டமும் ஒன்றாக வரும், அல்லது ஆட்டம் முதலில் வரும்.

நியூஸ்ல 7.3னு போட்டாங்க, எங்க வீட்ல 4னு சொல்லுது. எது உண்மை?

இரண்டும். நம் ஊரில் "ரிக்டர் அளவுகோலில்" என்று படித்துப் பழகியதால் வரும் குழப்பம் இது. 7.3 என்பது நிலநடுக்கத்தின் மொத்தப் பலம், ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். ஷிண்டோ என்பது நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்ற கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். பல்பின் வாட்டும் உங்கள் மேஜையில் விழும் வெளிச்சமும் மாதிரி.

ஷிண்டோ பூஜ்யத்திலிருந்து 7 வரை. 5-க்கும் 6-க்கும் கீழ், மேல் என்று இரண்டு படி உண்டு, ஆக மொத்தம் பத்துப் படி. 3 என்றால் தொங்கும் விளக்கு ஆடும், பழகியவர்கள் சாப்பாட்டைத் தொடர்வார்கள். 4 என்றால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். 5-கீழ் வந்தால் அலமாரியிலிருந்து பாத்திரம் விழும். 6-மேல் என்றால் நிற்கவே முடியாது, தவழத்தான் வேண்டும். உங்கள் போன் கத்துவது எங்காவது 5-கீழ் அல்லது அதற்கு மேல் வரும் என்று கணக்கிட்டால் மட்டும். அப்போதும் 4 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கும் பகுதிகளில்தான்.

போன்லயே வருதே, அப்புறம் எதுக்கு வீட்டுக்குத் தனியா அலாரம் பெட்டி? காசு பிடுங்கற வேலையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் மூன்று வருஷம் வாங்கவில்லை. பிறகு ஒரு நாள் நான் குளியலறையில், குழந்தை கூடத்தில், போன் கைப்பைக்குள், கைப்பை வாசல் அலமாரிக்குள். ஆடி முடித்த பிறகுதான் போன் கத்தியதே எனக்குத் தெரிந்தது. அந்த வாரமே பெட்டி வாங்கினோம்.

வீட்டுப் பெட்டிகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று எஃப்எம் வானொலியில் வரும் எச்சரிக்கை மணியைக் கேட்டதும் தானும் அலறும் வகை. மலிவு, இணையம் வேண்டாம். ஆனால் வானொலி மணி நாடு முழுக்கப் போவதால் தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் கியூஷூ தீவில் ஆடினாலும் செண்டாயில் அடித்துவிடலாம். இன்னொன்று இணையத்தில் இணைவது. உங்கள் வீடு இருக்கும் இடத்தைப் பதிந்துவிட்டால் "ஷிண்டோ நான்கு, பத்து, ஒன்பது, எட்டு" என்று வினாடியை எண்ணிக்கொண்டே போகும். எங்களிடம் இருப்பது இது. கீழே எண்ணிக்கொண்டே வந்து மூன்று என்று சொல்லும்போது கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும் பாருங்கள், இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு நொடி எனக்குப் பழகவில்லை. எண்ணிக்கை இரண்டு மூன்று வினாடி முன்பின் இருக்கும், அதை ராக்கெட் ஏவும் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனியாக ஒரு அறையில் இருக்கும் மாணவருக்குப் பெட்டி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். போனும் ஒரு நல்ல செயலியும் போதும். குழந்தை, வயதானவர்கள், போனை எங்கோ வைத்துவிட்டுத் தேடும் என் மாதிரி ஆட்கள் இருந்தால் வாங்குங்கள்.

பெட்டியை எந்த அளவுல அடிக்கிற மாதிரி வெக்கணும்?

ஆர்வத்தில் எல்லோரும் 2 அல்லது 3-இல் வைப்பார்கள். நாங்களும் 3-இல் வைத்தோம். இங்கே ஆடாத மாதமே இல்லை, அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் என் மகன் அது அடிக்கும்போது தலையைக்கூடத் தூக்கவில்லை, இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கே 4-க்கு மாற்றினேன். நாம் அசையாத அலாரம் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

அடிச்சவுடனே முதல்ல என்ன செய்யணும்? அடுப்பை அணைக்க ஓடணுமா?

ஓட வேண்டாம். அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 1923-இல் டோக்கியோவை அழித்த நிலநடுக்கம் மத்தியானச் சமையல் நேரத்தில் வந்து தீயில்தான் பெரும்பாலானோர் இறந்தார்கள், அதனால் "முதலில் நெருப்பை அணை" என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பாடம். இப்போது அதை மாற்றிவிட்டார்கள். வீட்டு வாசலில் இருக்கும் காஸ் மீட்டரே ஷிண்டோ 5 அளவில் ஆடினால் காஸைத் தானாக நிறுத்திவிடும். ஆடும்போது அடுப்பருகே நின்றால் கொதிக்கும் சாம்பார் உங்கள் மேல்தான் விழும்.

பத்து வினாடியில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும், அதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்வது. இரவில் தலையணையைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொள்வது. லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தி, நின்ற மாடியில் இறங்குவது. காஸ் மீட்டரைத் திரும்ப இயக்க அதில் ஒரு பொத்தான் இருக்கிறது, எங்கே என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

எங்க ஊர்ல பூகம்பம்னா வெளிய ஓடணும்னு சொல்வாங்களே?

அது ஓட்டு வீட்டுக்கும் உறுதியில்லாத கட்டடத்துக்கும் சொன்னது. இங்கே 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி வாங்கிய கட்டடங்கள் பெரிய ஆட்டத்திலும் இடியாதபடி விதிப்படி கட்டப்பட்டவை. அந்த விதியைக் கடுமையாக்கத் தூண்டிய சம்பவங்களில் ஒன்று செண்டாய் இருக்கும் நம் மியாகி மாநிலக் கடலில் 1978 ஜூன் 12-இல் வந்த 7.4 நிலநடுக்கம். அதில் இறந்த 28 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தெருவோரக் கல் மதிலும் வாசல் தூணும் விழுந்து நசுங்கியவர்கள். வெளியே ஓடினால் நீங்கள் போய் நிற்பது அந்த மதிலுக்குப் பக்கத்தில்தான்.

வீடு பார்க்கும்போது தரகரிடம் கட்டிய வருஷத்தைக் கேளுங்கள். வாடகை குறைவு என்று 1970-களின் கட்டடத்தில் போய் விழாதீர்கள்.

அலாரம் அடிச்சுது, மேஜைக்கு அடியில உக்காந்தேன், ஒண்ணுமே ஆடலை. இதை நம்பறதா வேண்டாமா?

நம்பலாம், மன்னித்தும் விடலாம். 2013 ஆகஸ்ட் 8-இல் மேற்கு ஜப்பானில் நாரா பக்கம் 7.8 என்று சொல்லி 34 மாநிலங்களுக்கு எச்சரிக்கை போனது. உண்மையில் நடந்தது வகாயாமாவில் 2.3 அளவு, அதே சமயம் மியே கடலடிக் கருவி ஒன்றில் வந்த இரைச்சலைக் கணினி பெரிய அதிர்வு என்று எடுத்துக்கொண்டது. 2020 ஜூலை 30 காலையில் இன்னொன்று. தெற்கே வெகுதூரத்தில் தோரிஷிமா தீவருகே நடந்ததை டோக்கியோவுக்குப் பக்கத்துக் கடலில் நடந்ததாகக் கணக்கிட்டு டோக்கியோவையும் எழுப்பிவிட்டது, அங்கே ஒரு டம்ளர்கூட அசையவில்லை. முகமை மன்னிப்புக் கேட்டது.

கரையில் சுற்றிலும் கருவி இருக்கும், கடலில் நடந்தால் ஒரு பக்கம்தான் இருக்கும், அதனால் இடம் கணிப்பதில் தவறு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். இரண்டு மூன்று வினாடியில் போடும் கணக்கு இது. மேஜைக்கு அடியில் அரை நிமிஷம் வீணாகப் போனால் போகட்டும்.

எனக்கு எதிர்மாறா ஆச்சு. நல்லா ஆடிச்சு, பெட்டி வாயே திறக்கல.

முதலில் நீங்கள் வைத்த அளவைப் பாருங்கள். அடுத்தது, மேலே சொன்ன மாதிரி மையம் மிகப் பக்கத்தில் இருந்திருக்கலாம். மூன்றாவது, கணக்கு குறைவாகப் போயிருக்கலாம். 2011-இல் முதல் எச்சரிக்கை 7.2 என்று நினைத்துத்தான் போனது, நிலம் உடைந்துகொண்டே போனதை அப்போது அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை. நம் வடகிழக்குப் பகுதியான தோஹொகுவுக்குப் போனது, டோக்கியோவுக்குப் போகவில்லை. டோக்கியோவில் 5-மேல் ஆடியது. பிறகு 2018-இல் கணக்குப் போடும் முறையில் திருத்தம் கொண்டுவந்தார்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் பிளக்கைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒரு தடவை எங்கள் பெட்டி இரண்டு மாதம் ஊமையாக இருந்தது. நான் தூசி உறிஞ்சும்போது வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகியிருக்கிறேன், அலாரப் பெட்டியின் கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பியிருந்தேன், அது கரண்ட் விளக்கு, இணைப்பு விளக்கு இல்லை. மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்துவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

ஆட்டம் நின்னாச்சு. உடனே எழுந்து வேலையைப் பாக்கலாமா?

2022 மார்ச் 16 இரவு நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 11.34-க்கு ஃபுகுஷிமா கடலில் 6.1. மேஜைக்கு அடியில் போனோம், நின்றது, "அவ்வளவுதான்" என்று எழுந்து அரைத்து வைத்த மாவுப் பாத்திரம் கவிழ்ந்ததா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனேன். மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 11.36-க்கு 7.4 வந்தது. நான் குளிர்சாதனப் பெட்டிக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவில், வீட்டிலேயே மோசமான இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேலே வைத்த மிக்ஸி ஜார் என் தோளை உரசி விழுந்தது. அன்று அதே ஆட்டத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒன்றின் 17 பெட்டிகளில் 16 தடம் புரண்டன, நல்லவேளை அதில் யாரும் சாகவில்லை.

இப்போது நின்ற பிறகும் ஐந்து நிமிஷம் வெளியே வருவதில்லை. மாவு போனால் போகட்டும்.

கடல்ல நடந்தா சுனாமி வரும்ல? இந்தப் பெட்டி அதையும் சொல்லுமா?

அது வேறு எச்சரிக்கை. நிலநடுக்க அலாரம் வினாடிக் கணக்கு, சுனாமி எச்சரிக்கை சுமார் மூன்று நிமிஷத்தில் வரும். சில பெட்டிகள் இரண்டையும் சொல்லும், சில சொல்லாது, வாங்கும்போதே கேளுங்கள். சுனாமிக்கு மூன்று படி. ஒரு மீட்டர் வரை கவனக் குறிப்பு, மூன்று மீட்டர் வரை எச்சரிக்கை, அதற்கு மேல் பெரும் எச்சரிக்கை.

அதில் வரும் உயரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2011-இல் மியாகிக்கு முதலில் சொன்னது 6 மீட்டர், பிறகுதான் பத்துக்கு மேல் என்று உயர்த்தினார்கள். அதற்குள் கரண்ட் போய்ப் பலருக்கு இரண்டாவது செய்தி எட்டவில்லை. கடற்கரைப் பக்கம் இருந்தால் ஆட்டம் நின்றதும் மேட்டுக்குப் போய்விடுங்கள், செய்தியைப் போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

லேசா ஆடினா சுனாமி பயம் இல்லைதானே?

இதைத்தான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். 1896 ஜூன் 15 மாலை நமக்கு வடக்கே நீளும் சன்ரிக்கு கடற்கரையில் ஷிண்டோ 2 அல்லது 3 அளவில் மெதுவாகத்தான் ஆடியது. யாரும் பொருட்படுத்தவில்லை. அரை மணி நேரம்போல ஆனதும் வந்த அலையில் சுமார் 22,000 பேர் போனார்கள். பூமி மெதுவாக, நெடுநேரம் வழுக்கினால் ஆட்டம் குறைவாகவும் அலை பெரிதாகவும் இருக்கும். இப்படிப்பட்ட நாளில் வீட்டு அலாரம் அடிக்காமலே இருக்கலாம். மெதுவாக ஆனாலும் நீண்ட நேரம் ஆடினால் எழுந்து போங்கள்.

நமக்கும் இது தெரிந்த கதைதானே. 2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்குச் சுமத்ராவில் உடைந்தது, சென்னையில் சிலர் கட்டில் ஆடியதாகச் சொன்னார்கள், பலருக்குத் தெரியவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கடல் வந்தது. சொல்ல ஆள் இல்லாத இரண்டு மணி நேரம்.

நாங்க 20-வது மாடி. எல்லாரும் நின்னுடுச்சுன்றாங்க, எங்களுக்கு மட்டும் இன்னும் ஆடுது. பிரமையா?

பிரமை இல்லை. கடலில் நடக்கும் பெரிய நிலநடுக்கம் மெதுவான நீண்ட அலையை வெகுதூரம் அனுப்பும், உயரக் கட்டடங்கள் அந்தத் தாளத்துக்கு ஒத்து ஆடும். 2011-இல் மையத்திலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஒசாகாவில், தரையில் ஷிண்டோ 3 மட்டும் இருந்தபோது, 256 மீட்டர் உயரமுள்ள அரசு அலுவலகக் கட்டடம் பத்து நிமிஷம் ஆடியது. 2023 பிப்ரவரி முதல் இந்த வகை ஆட்டத்துக்கும் எச்சரிக்கை வருகிறது. சக்கரம் வைத்த மேஜையும் நாற்காலியும்தான் உங்கள் வீட்டில் எதிரி.

மாமியார் ஊர்லேர்ந்து வர்றாங்க. ஜப்பானிய மொழி தெரியாது. நான் ஆபீஸ் போயிட்டா?

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து மூன்று மாதம் வந்தபோது, முதல் நாளே பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்தி அலறவிட்டேன். "அத்தை, இந்தச் சத்தம் கேட்டா பூஜை அலமாரி பக்கம் நிக்காம மேஜைக்கு அடியில போயிடுங்க" என்றேன். முட்டி மடங்காதே என்றார். சரி, ஜன்னலும் அலமாரியும் இல்லாத தாழ்வாரத்தில் சுவரோரம் உட்கார்ந்து தலையணையைத் தலைமேல் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நான்கு முறை ஒத்திகை பார்த்தோம். வார்த்தை புரிய வேண்டியதில்லை, சத்தம் புரிந்தால் போதும். குழந்தைகளுக்கும் இதே வழிதான். வருஷத்துக்கு இரண்டு முறை நாடு தழுவிய ஒத்திகையும் நடக்கும், அந்த நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊர்ல அம்மா நியூஸ் பாத்துட்டு பதறுவாங்க. லைனே கிடைக்கல, என்ன பண்றது?

அழைக்காதீர்கள், எழுதுங்கள். பெரிய ஆட்டத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் டயல் செய்வதால் அழைப்புகளைக் கட்டுப்படுத்திவிடுவார்கள், குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும். ஜப்பானுக்குள் இருப்பவர்களுக்கு 171 என்ற எண் உண்டு. அதில் குரலைப் பதிந்து வைத்தால் மற்றவர்கள் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம். ஆடி ஐந்து நிமிஷத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஆடுச்சு, நல்லா இருக்கோம்" என்று மூன்றே வார்த்தை. நம் ஊரில் செய்தி வருவதற்கு முன்பே அது போய்விடும். போன மாதம் அம்மா அதற்குப் பதில் எழுதியிருந்தார்: "ராத்திரி சாப்டியா?"